இடது மணிக்கட்டு

அந்தத் திங்கட்கிழமை காலையில் முத்துப்பேச்சிக்கு மூன்று வெவ்வேறு வயது இருந்தது. பள்ளிச் சான்றிதழ் அவளுக்குப் பதினாறு வருடம் எட்டு மாதம் என்றது. வலது மணிக்கட்டு பத்தொன்பது என்றது. இடது மணிக்கட்டு பன்னிரண்டு என்றது.

மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அடியில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டு, டாக்டர் நூருல்லா எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் ஹாக்கி அணியில் சேர வருபவர்களுக்கு வயது பார்ப்பவர் அவர். என் பெயர் ஹெலன். மதுரையில் ஒரு மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் மனிதத் தோலிலிருந்து எலும்பு வளர்க்கிறோம். முத்துப்பேச்சியின் இடது மணிக்கட்டு எங்களிடம் வளர்ந்ததுதான்.

தாளைக் கொண்டுவந்தவர்கள் மூன்று பேர்: முத்துப்பேச்சி, அவளுடைய அம்மா சண்முகக்கனி, பயிற்சியாளர் இசக்கிராஜ். சாத்தூர்ப் பக்கம் ஆவரம்பட்டி என்ற ஊரில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள்ளேயே ஒரு மைதானத்தைச் சமன்செய்து பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லித்தருகிறவர் இசக்கிராஜ். அவரிடம் கற்றவர்களில் ஆறு பேர் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஆறு பேரின் வீடுகளுக்கும் காங்கிரீட் கூரை வந்துவிட்டது. அதனால் ஆவரம்பட்டியில் பெண்ணைப் பெற்றவர்கள் கண்மாயைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அணியின் இறுதிப் பட்டியல் வெள்ளிக்கிழமை வரவேண்டும். பெயர் இருந்தால் தேசியப் போட்டி. அதில் ஆடியவளுக்கு வேலை ஏறக்குறைய நிச்சயம். வயதை மறைத்தாள் என்று முடிவானால் இரண்டு வருடம் அவள் எங்குமே ஆட முடியாது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளைச் சேர்த்துக்கொள்ளும் அணி எதுவும் இருக்காது.

வயதை எலும்பில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வளரும் பிள்ளையின் எலும்பு நுனிக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கும். வளர்தட்டு என்று பெயர். எலும்பு நீளுவது அந்த இடத்தில்தான். எக்ஸ்ரே படத்தில் அது ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். பிள்ளை வளர வளரக் கோடு மெலிந்துகொண்டே வந்து, வளர்ச்சி முடிந்ததும் மறைந்துவிடும். எல்லா வயதுக்கும் மாதிரிப் படங்கள் அடுக்கிய புத்தகம் ஒன்று உண்டு. பிள்ளையின் படத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து வயதைச் சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் வலது கையால்தான் வேலை செய்கிறார்கள், அந்தக் கைதான் அதிகம் அடிபடுகிறது என்பதால், படம் எடுப்பது இடது மணிக்கட்டில் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. புத்தகத்தில் இருப்பவை எல்லாமே இடது கைகள். விதியும் இடது கையைத்தான் சொல்கிறது.

நூருல்லா விதிப்படி இடது மணிக்கட்டைப் படம் எடுத்திருக்கிறார். கோடு விரல் நகம்போல அகலமாகத் தெரிந்திருக்கிறது. ஐந்தடி ஐந்து அங்குலம் உயரமுள்ள பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதா என்று சந்தேகப்பட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தபோது தழும்பு கண்ணில் பட்டிருக்கிறது. விதியில் இல்லாவிட்டாலும் வலது மணிக்கட்டையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் கோடே இல்லை.

"மேடம்," என்றார் சண்முகக்கனி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நீங்க வச்சது வேற சின்னப்புள்ள எலும்பா? மாத்தி வச்சிட்டாகளோன்னு மாஸ்டருக்குச் சந்தேகம்."

இசக்கிராஜ் சுவரைப் பார்த்தார்.

மாறவில்லை, அது உங்கள் மகளுடைய எலும்புதான், அவள் தோலிலிருந்து எடுத்தது என்றேன். மூன்றரை வருடத்துக்கு முன் சரக்கு ஆட்டோ கவிழ்ந்து முத்துப்பேச்சியின் இடது கை அதன் அடியில் சிக்கியது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்புகளின் நுனிகளும் அப்பளம்போல நொறுங்கிவிட்டன. அப்போதும் இதையெல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். ஆனால் மகளின் கை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"தோலு எப்படி மேடம் எலும்பாகும்?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குப் பிடிக்கும். சண்முகக்கனி செங்கல் சூளையில் கூலிக்குப் போகிறவர். அங்கே அவருக்கு என்ன வேலை என்று கேட்டேன். மண் மிதிப்பேன், கலவை போடுவேன் என்றார்.

"கல் அறுக்கத் தெரியாதா?"

"ஏன் தெரியாது? அறுப்பேன், அடுக்குவேன், சூளை பிரிப்பேன். எல்லாத்தையும் பாத்துப் பாத்து வளந்தவதான. மேஸ்திரி மண்ணு மிதின்னு சொன்னாரு, அதனால மிதிக்கேன்."

"நாளைக்கு நாலு மேஸ்திரி சேர்ந்து வந்து, நீ இனிமே கல் அறுன்னு சொன்னா?"

"அறுத்துட்டுப் போறேன்."

"உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். எலும்பு செய்யத் தோலுக்கும் தெரியும். யாரும் சொல்லாததால தோல் வேலை பாத்துக்கிட்டு இருக்கு."

அந்த நான்கு மேஸ்திரிகள் நான்கு புரதங்கள். புஜத்தின் உட்புறத்திலிருந்து துவரம்பருப்பு அளவுக்குத் தோலை எடுத்து, செல் செல்லாகப் பிரித்து, உடல் சூட்டிலேயே வைத்து, அந்த நான்கையும் உள்ளே அனுப்புகிறோம். தோல் செல்கள் மெலிந்து நீண்டு, மீன் குஞ்சுக் கூட்டம்போல ஒரே திசையில் படுத்திருக்கும். ஒரு வாரத்தில் அந்த வரிசை கலையும். செல்கள் குட்டையாகிச் சதுரமாகி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்காரும். மூன்றாவது வாரம் ஒரு தட்டை மட்டும் எடுத்து, சுண்ணாம்புச் சத்தைக் காட்டும் சாயத்தைச் சொட்டினால் தட்டு முழுக்கச் சிவக்கும். அதாவது எலும்பு கட்டத் தொடங்கிவிட்டது. எட்டு வருடமாகப் பார்க்கிறேன். அந்தச் சிவப்பு வரும் நாளில் எனக்கு இன்னும் பசிப்பதில்லை. பிறகு செல்களை ஒரு சட்டத்தில் ஏற்றி, நொடிக்கு ஒருமுறை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கும் சின்ன இயந்திரத்துக்குள் வைப்போம். சுமை விழாத எலும்பு உறுதிப்படாது.

"அப்ப இது இவ எலும்புதான்," என்றார் இசக்கிராஜ். "பெறகு ஏன் பன்னெண்டு காட்டுது?"

அங்கேதான் சிக்கல். வேலை மாறிய செல் தன் வயதையும் மறந்துவிடுகிறது. புது வேலையின் முதல் நாளிலிருந்து அது எண்ணத் தொடங்குகிறது. கருவில் இருக்கும் பிள்ளையின் எலும்பு எப்படி வளருமோ அதே வரிசையில் குருத்தெலும்பு, வளர்தட்டு என்று ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு வருகிறது, மூன்று நான்கு மடங்கு வேகமாக. வளரும் பிள்ளைக்கு வளரும் எலும்பு கிடைக்கிறதே என்று அன்று நாங்கள் கூடத்தில் கைதட்டினோம். யாராவது ஒருநாள் அந்த எலும்பைப் படம் எடுத்து வயது கேட்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"சரி மேடம். அப்ப வலது கை சொல்றதுதான் நெசமா?" இசக்கிராஜின் குரல் தாழ்ந்துவிட்டது.

அதுவும் உறுதியில்லை என்றேன். மாதிரிப் புத்தகத்தில் இருப்பவை ஏதோ ஒரு குளிர் நாட்டில், வேளாவேளைக்குப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் கைகள். எட்டு வயதிலிருந்து தலையில் கல் சுமந்த பிள்ளை அதில் இல்லை. பதினேழில் கோடு மூடுகிற பெண்கள் உண்டு, பத்தொன்பதில் மூடுகிறவர்களும் உண்டு. வலது கை பத்தொன்பது என்று சொல்வதன் அர்த்தம், அநேகமாகப் பதினேழைத் தாண்டியிருப்பாள் என்பதுதான்.

"அநேகமா," என்று முத்துப்பேச்சி அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அப்படியானால் அவள் பிறந்தது எப்போது என்று சண்முகக்கனியிடம் கேட்டேன். சொல்லவேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் இருந்தது. திருத்தங்கல் பக்கத்துச் சூளையில் என்றார். பிறகு, இல்லை, அது மூத்தவன், இவள் ராஜபாளையத்துச் சூளையில் என்றார். அந்தப் பருவத்தின் முதல் சூளை வெந்துகொண்டிருந்தது, அனல் அடித்தது, மருத்துவம் பார்த்த பெண் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன வருஷம்மா?"

"அந்த வருசம் மழ இல்ல மேடம்."

"எந்த வருசம்தான் மழ இருந்துச்சு?" என்றார் இசக்கிராஜ்.

சூளை சூளையாகப் போனதில் பிறப்பைப் பதியவில்லை. ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை பிள்ளையின் பல்லைப் பார்த்திருக்கிறார். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லியிருக்கிறார். தொட்டுவிட்டாள். ஐந்து வயது முடிந்துவிட்டது என்று ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொண்டார். யோசித்தால் அதுவும் ஓர் எலும்புச் சோதனைதான். கையின் நீளத்தை வைத்து வயது சொல்வது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையும் காதைத் தொடுமே. ஐந்து முடிந்ததா என்று சொல்லும் அந்தச் சோதனை, எவ்வளவு முடிந்தது என்று சொல்லாது.

முத்துப்பேச்சியிடம் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டச் சொன்னேன். முழங்கைகளை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், இடது கை ஒரு விரற்கடை நீண்டிருந்தது. வலது நின்றுவிட்டது, இடது இன்னும் வளர்கிறது. இதை நான்தான் கவனித்திருக்க வேண்டும். வருடாந்தரப் பரிசோதனைக்கு அவள் இரண்டு முறை வரவில்லை, நானும் தேடவில்லை.

"செட்டுல என்ன ஒட்டடக்கம்புன்னுதான் கூப்பிடுவாளுக," என்றாள். "ஆனா கம்போட மேல்முனையப் பிடிக்கிறது எடது கைதான் மேடம். எட்டாத பந்து எனக்கு எட்டும்."

இது அவளுக்கு நியாயமில்லாத அனுகூலமா, அல்லது விபத்துக்குக் கிடைத்த ஈடா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"எனக்கு எத்தன வயசுன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம். வெள்ளிக்கெழம பேரு வரணும். வரலன்னா ஆடி கழிச்சுக் கல்யாணம். மாப்பிள்ளையும் சூளைதான்."

சண்முகக்கனி மறுக்கவில்லை.

அவர்களைத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனதும் அவளுடைய பழைய கோப்பைத் திறந்தேன். நொறுங்கிய எலும்புக்குச் சட்டம் செய்யும்போது, நல்ல கையை ஸ்கேன் செய்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பி, அந்த அளவில் அச்சிடுவோம். ஆகவே மூன்றரை வருடத்துக்கு முந்தைய வலது மணிக்கட்டு எங்கள் கணினியில் இருந்தது. அன்று நான் அதன் நீள அகலத்தை மட்டும்தான் பார்த்தேன். இப்போது வளர்தட்டைப் பார்த்தேன்.

கோடு அப்போதே தலைமயிர் அளவுக்கு மெலிந்திருந்தது.

சான்றிதழின்படி அன்று அவளுக்குப் பதின்மூன்று. பதின்மூன்று வயதில் கோடு அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லவும் முடியாது. சுமை தூக்கிய பிள்ளை, அரைவயிறாக வளர்ந்த பிள்ளை, எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிள்ளை. படத்தை நான்கு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்கக் கோடு மங்கலானதே தவிர, வேறு ஒன்றும் தெளியவில்லை.

நூருல்லாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் குரலில் களைப்பு இருந்தது. விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன் என்றார். இடது மணிக்கட்டில் உலோகமோ, செயற்கைப் பொருளோ, பிறர் எலும்போ இருந்தால் அந்தப் படம் செல்லாது, வலதைப் பார்க்கலாம். சொந்த எலும்பாக இருந்தால் இடது படமே முடிவு. சொந்தத் தோல் சொந்த எலும்பானால் என்ன செய்வது என்று விதி எழுதியவர்களுக்குத் தெரியாது.

"ஒரே கேள்விதான் கேக்கறேன் டாக்டர். அந்த எலும்பு அவளுடையதா? ஆமான்னு எழுதினீங்கன்னா நான் சேர்க்கணும். இல்லைன்னு எழுதினீங்கன்னா அவளை மோசடிக்காரின்னு அனுப்பணும். எனக்கு ரெண்டுமே பொய்யாத் தெரியுது."

"எனக்கும்தான்," என்றேன்.

கடிதத்தில் நான்கு வாக்கியங்கள் எழுதினேன். விபத்தில் சிதைந்த முத்துப்பேச்சியின் இடது மணிக்கட்டு எங்கள் கூடத்தில் வளர்த்த எலும்பால் சீரமைக்கப்பட்டது. அதற்கான செல்கள் அவருடைய தோலிலிருந்து எடுக்கப்பட்டவை. மரபணுச் சோதனைப்படி அது முழுக்க அவருடைய சொந்த எலும்பு. நான்காவது வாக்கியம்: இவ்வாறு வளர்த்த எலும்பை வைத்து ஒருவருடைய வயதைச் சொல்ல முடியாது.

நான்காவது வாக்கியத்தை எழுதியதும் நூருல்லாவின் கைகள் கட்டப்பட்டுவிடும் என்று தெரிந்தது. அவர் வலது கைக்குப் போவார். வலது கை பத்தொன்பது என்று சொல்லும். அதுவும் நிச்சயமில்லாத ஒன்றுதான், ஆனால் அதற்கு ஒரு புத்தகம் துணை இருக்கிறது. நிச்சயமில்லாத ஒன்றுக்காக ஒரு பெண்ணை எப்படிச் சூளைக்கு அனுப்புவது? ஆனால் அவள் பத்தொன்பதாகவே இருந்தால், பதினெட்டு பேர் பட்டியலில் இவளால் இடம் இழக்கும் இன்னொரு பெண்? அவளும் எங்கோ ஒரு கண்மாயில்தானே ஓடிக்கொண்டிருப்பாள்?

வாசலில் அவர்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும் சத்தம் கேட்டது. முத்துப்பேச்சி ஏதோ சொல்ல, இசக்கிராஜ் வாய்விட்டுச் சிரித்தார். நான்காவது வாக்கியத்தை அழித்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தேன். கேட்டது ஒரு கேள்வி, அதற்குரிய பதில் அதில் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் வந்தது. அடுத்த வாரம் இசக்கிராஜ் இரண்டு கிலோ காராச்சேவு கொடுத்தனுப்பினார். கூடம் முழுக்கப் பங்கு வைத்துத் தின்றோம்.

மூன்று மாதம் கழித்து, தேசியப் போட்டி வடக்கே எங்கோ நடந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு பெண் இடது கையைத் துண்டால் தொட்டில் கட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்தாள். பெயர் பூவடிவு. ஊர் ஆவரம்பட்டி. கூட அவளுடைய அம்மா. அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை, கையில் எக்ஸ்ரேயோடு நேராக எங்களிடம் வந்திருந்தார்கள். முத்துப்பேச்சி வழி சொன்னாளா என்று கேட்டேன். அவள் ஊரில் இல்லை, நாங்களே விசாரித்து வந்தோம் என்றார் அம்மா. மாஸ்டர் அனுப்பினாரா என்றேன். "மாஸ்டருக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா வைவாரு."

எலும்பு முறிந்ததற்கு ஏன் திட்டவேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.

மணிக்கட்டு எப்படி உடையும் என்பதைச் சொல்ல வேண்டும். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். உள்ளங்கை தரையில் மோதும், உடம்பின் பாரம் மேலிருந்து இறங்கும், எலும்பு பின்பக்கமாக வளைந்து சாய்வாக உடையும். நூறு கைகளில் தொண்ணூறு இப்படித்தான். பூவடிவின் எலும்புகள் இரண்டும் ஒரே மட்டத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல உடைந்திருந்தன. கை ஒரு விளிம்பின்மேல் இருந்திருக்கிறது. மேலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது.

எப்படி அடிபட்டது என்று கேட்டேன். கண்மாய்க் கரையில் வழுக்கிவிட்டது என்றாள் பூவடிவு. பதிலை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"அப்ப அவ்வளவா இல்ல மேடம்," என்றார் அவளுடைய அம்மா. "முன்னாடியே மாத்திர குடுத்துட்டுத்தான்..."

அவர் நிறுத்திக்கொண்டார். நான் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். பூவடிவுக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை. வளர்தட்டின் கோடு இருக்கவேண்டிய இடம் படத்தில் வெள்ளையாக இருந்தது.

எனக்கு எதுவும் ஒழுங்காக ஓடவில்லை. தெரிந்ததைச் சொல்லுவோம் என்று, இது சுத்தமான முறிவு, தானாகவே கூடிவிடும், ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டால் போதும் என்றேன். அதைக் கேட்டு அந்த அம்மா நிம்மதியடைவார் என்று, அந்த நேரத்திலும், ஒரு கணம் நினைத்தேன்.

"வெறும் மாவுக்கட்டா?" என்றார். "பேச்சிக்கு வச்சாப்பல புது எலும்பு வைக்க மாட்டீகளா?"

"இதுக்குத் தேவையில்லம்மா."

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் என்னிடம், செய்வதைச் சரியாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிற ஒருவரின் கவனத்தோடு கேட்டார்.

"எம்புட்டு நொறுங்குனா வைப்பீக மேடம்?"

எட்டு வருடத்தில் யார் எதைக் கேட்டாலும் நான் விளக்கியிருக்கிறேன். இதற்கு வாயைத் திறக்கவில்லை. ஆனால் காத்திருப்போர் பெஞ்சுக்கு எதிரே, நோயாளிகள் பயப்படக் கூடாது என்பதற்காக நானே எளிய தமிழில் எழுதி மாட்டிய விளக்கப் பலகை ஒன்று இருந்தது. பூவடிவு நிமிர்ந்து, திறந்திருந்த கதவு வழியாக அதைப் பார்த்தாள்.

"மூணு சென்டிமீட்டருக்கு மேல சிதைஞ்சிருந்தா மட்டும்னு போட்டிருக்கும்மா," என்றாள்.

அவர்களை அங்கேயே உட்காரச் சொன்னேன். எங்கும் போகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். மாவுக்கட்டு போட ஆளை வரச் சொல்லிவிட்டு, உள்ளறைக்குப் போய் நூருல்லாவை அழைத்தேன். அணியின் மருத்துவராக அவரும் வடக்கே போயிருந்தார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

முத்துப்பேச்சியின் கடிதத்தில் நான்காவதாக ஒரு வாக்கியம் இருந்தது, அதை நான் எடுத்துவிட்டேன் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பூவடிவைப் பற்றிச் சொன்னேன். வளர்த்த எலும்பை வைத்து வயது பார்க்க முடியாது என்பது ஊருக்குத் தெரியும்வரை இடது கைகள் உடைந்துகொண்டே இருக்கும் என்றேன். எழுத்தில் இன்றே அனுப்புகிறேன் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

"அப்ப அவளுக்கு வயசு என்ன டாக்டர்?" என்றார்.

"இப்பவும் தெரியலை சார்."

"தெரியாமலே வீட்டுக்கு அனுப்பணும்."

"ஆமாம்."

இரைச்சல் உயர்ந்து தணிந்தது. யாரோ விசில் ஊதினார்கள்.

"இப்ப அவ மைதானத்துலதான் நிக்கிறா," என்றார். "ஒண்ணுக்கு ஒண்ணு. கடைசிக் கால் மணி நேரம். நடுவரைக் கூப்பிட்டு இப்பவே வெளியே எடுக்கட்டுமா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பூவடிவின் கையில் ஈரத் துணியைச் சுற்றத் தொடங்கியிருந்தார்கள். அவளுடைய அம்மா அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிப் பிடித்திருந்தார்.

"ஆட்டம் முடியட்டும்," என்றேன். "போனை மட்டும் வச்சிடாதீங்க."